மாப்பிள்ளைக்குத் தலை சுற்ற வேண்டும்

ஃபிரடியின் உடம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. பம்பு வைத்த மரப்பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றுவான். ஜலதோஷம்கூட அவனிடம் வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் தயங்கித் தயங்கித்தான் வரும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து வெடுக்கென்று எழுந்தால் மட்டும், உலகம் அவனை அங்கேயே நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வரும்.

முதலில் கண்ணுக்கு எதிரே ஈசல் பறக்கும். அடுத்து ஓரங்களிலிருந்து இருட்டு நடுவுக்கு வரும். காதுக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட இரைச்சல். அந்த நேரத்தில் சுவரோ, தூணோ, யாராவது ஒருவரின் தோளோ கைக்கு அகப்பட்டால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடுவான். போன உலகம் ஒன்றும் நடக்காதது போல் வந்து எதிரே நிற்கும். அவனும் ஒன்றும் நடக்காதது போல் நடக்கத் தொடங்குவான்.

தண்டலத்துக்கு அந்தப் பக்கம் பம்பு செய்யும் கம்பெனியில் அவனுக்கு பேக்கிங் செக்‌ஷனில் வேலை. பெட்டிக்கு ஆணி அடிப்பதென்றால் குந்தி உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும். குந்தி உட்கார்ந்தவன் எழுந்துதான் ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஷிப்டிலும் உலகம் அவனை விட்டுப் பல முறை போய் வந்துகொண்டிருந்தது. கூட வேலை செய்த எல்லப்பன் இதைக் கவனித்துவிட்டு முதலில் சிரித்தான், அப்புறம் கவலைப்பட்டான், அப்புறம் வைத்தியம் சொன்னான். எல்லப்பனுக்குப் பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடு. மதுராந்தகம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஃபிரடி அந்த வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தான். அதனால் வைத்தியம் சொல்லும் உரிமை எல்லப்பனுக்கு மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகம்.

"இது பித்தம் மச்சி. காலையில இஞ்சியத் தட்டி, கூட ரெண்டு கிராம்பு, ஒரு ஏலக்கா சேத்து வாயில அடக்கிக்கோ. எங்க மாமனுக்கு இப்டிதான் சரியாச்சு."

"உங்க மாமனுக்கும் தல சுத்துச்சா?"

"அவுருக்கு மூலம். ஆனா சரியாச்சு பாரு."

சுங்குவார்சத்திரத்து டாக்டர் ஒருவரிடமும் ஃபிரடி போனான். அவர் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்த்தார். "பயப்பட ஒண்ணும் இல்ல. நீ எழுந்திருக்கற வேகத்துக்கு உன் ரத்தம் எழுந்திருக்க மாட்டேங்குது, காலிலேயே தங்கிடுது. வயிறு காலியா இருந்தாலும் தூக்கம் கெட்டாலும் ஜாஸ்தியா வரும். நல்லா சாப்பிடு, தண்ணி குடி, மெதுவா எழுந்திரு" என்று அனுப்பிவிட்டார். ஃபிரடி, டாக்டர் பேச்சையும் கேட்டான், எல்லப்பன் பேச்சையும் தட்டவில்லை. மெதுவாக எழுந்தான், கிராம்பும் மென்றான். இந்த இரண்டும் சேர்ந்து தன்னை எங்கே கொண்டுபோய் மாட்டிவிடும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிறந்த கையோடு கோயில் உபதேசியார் அவனுக்கு ஒரு பெண்ணைக் காட்டினார். பெயர் அன்னபுஷ்பம், தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். அவளுடைய அம்மா லூர்தம்மாள். அப்பா மரியஜோசப், சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் கேட் செக்யூரிட்டி.

மரியஜோசப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஷிப்டுக்கு உள்ளே வரும் ஆட்களில் யார் குடித்துவிட்டு வருகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. சந்தேகம் வந்தால் ஆளை ஓரங்கட்டி, "ஊது" என்பார். ஊதினால் போதும்; என்ன சரக்கு, எந்தக் கடை, எப்போது என்று பிட்டுப் பிட்டு வைப்பார். லைனில் வேலை செய்கிறவர்கள் சூப்பர்வைசருக்குப் பயந்தார்களோ இல்லையோ, மரியஜோசப்பின் மூக்குக்குப் பயந்தார்கள். அவரும் அந்த மூக்கை ஒரு பதவிபோலத்தான் முகத்தில் வைத்திருந்தார்.

பெண் பார்க்கப் போன அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. கிளம்பும்போது ஃபிரடி, டாக்டர் சொன்னபடி முழங்காலில் கை ஊன்றி, பாதி எழுந்து, கொஞ்சம் நின்று, அப்புறம் முழுதாக எழுந்தான். "பெரியவங்க எதிர்ல எவ்ளோ அடக்கமா எழுந்திரிக்குது பாரு புள்ள" என்று லூர்தம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. அன்னபுஷ்பம் டீ கொண்டுவந்தபோது எல்லோருக்கும் சும்மா நீட்டினாள். அவனுக்கு மட்டும், "சூடு ஜாஸ்தி, பொறுத்துக் குடிங்க" என்றாள். அதிலேயே அவன் விழுந்துவிட்டான். அதற்குத் தலைசுற்றல் காரணம் இல்லை.

கோயில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்பது ஓலை. மூன்று ஓலையும் விழுந்தால்தான் தாலி. மூன்றாவது ஓலை விழுகிற வாரமே கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். அதைத் தவறவிட்டால் தவக்காலம் குறுக்கே வந்துவிடும். ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது. பெரம்பூரில் ரயில்வே மாப்பிள்ளை ஒருவர் வீட்டார் இன்னும் அன்னபுஷ்பத்துக்காகக் காத்திருப்பதாக உபதேசியார் வாய் தவறிச் சொல்லியிருந்தார். ஈஸ்டருக்குத் தள்ளினால் அது வெறும் தள்ளலாக இருக்காது என்று ஃபிரடிக்கு விளங்கியது.

முதல் ஓலை விழுந்தது. எல்லப்பன் டீக்கடையில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான்.

இரண்டாவது ஓலை நாளன்றுதான் சனி பிடித்தது. மரியஜோசப்புக்கு ஞாயிறு என்றால் எப்போதும் காலை டூட்டி. சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்ப் பூசை காண்பார். அந்த வாரம் டூட்டி மாறியது. காலைப் பூசைக்கு இங்கேயே வந்தார். வந்தவர் ஃபிரடிக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.

ஃபிரடியோ நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, தூங்காமல் வந்திருந்தான். பூசையில் நன்மை அப்பம் வாங்கும் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்பது அவனுடைய அம்மா வளர்த்த வளர்ப்பு. மருந்துக்கு விலக்கு உண்டு என்று உபதேசியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இஞ்சி கிராம்பை மட்டும் கன்னத்தில் அடக்கியிருந்தான். அந்தக் கோயிலில் பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் ஜமக்காளம். எழுந்தால் பிடித்துக்கொள்ள வசதியாக அவன் எப்போதும் தூண் ஓரமாகத்தான் உட்காருவான்.

நடுப்பூசைக்கு முழந்தாளிட்டார்கள். வெறும் வயிறு, தூக்கம் இல்லாத கண், மரத்துப்போன கால். எல்லோரும் எழுந்தார்கள். ஃபிரடி மெதுவாகத்தான் எழுந்தான். அப்படியும் ஈசல் பறந்தது. தூணைக் கட்டிப் பிடித்தான், கண்ணை மூடினான், முன்னும் பின்னும் ஓர் ஊஞ்சல் ஆட்டம் ஆடி நிலைக்கு வந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து இதைப் பார்த்த லூர்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் பக்தியைப் பார், எழவே மனசு வரவில்லை, எழுந்தும் கண்ணைத் திறக்கவில்லை என்று அவள் நினைத்தாள். பின்னாலிருந்து பார்த்த மரியஜோசப் அப்படி நினைக்கவில்லை. கடைசியாக எழுந்திருக்கிறான். தூணைப் பிடிக்கிறான். பக்கவாட்டில் தெரிந்த முகத்தில் கண் சொருகுகிறது. ஆடுகிறான். அவர் மூக்கு தானாக முன்னால் போனது. கிராம்பும் ஏலக்காயும் கம்மென்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இளவட்டம் எதை மறைக்கக் கிராம்பு மெல்லும் என்று அவருக்கா தெரியாது?

இரண்டாவது ஓலை வாசித்து முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் ஃபிரடியை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, நைட்டா?"

"ஆமா மாமா."

"ஊது."

"இன்னாது?"

"ஊதுன்றேன்."

ஃபிரடி ஊதினான். மரியஜோசப் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றைப் படித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாலை உபதேசியார் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளைப்பாக்கத்துக்கு வந்தார். தடை ஒன்று வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை குடிக்கிறான் என்று தடை சொன்னவர் பெண்ணின் அப்பாவாம். புதன்கிழமை சாயங்காலம் சாமியார் வீட்டுக்கு வரவேண்டுமாம்.

"அடப் பாவி மனுசா!" என்றான் எல்லப்பன். "இஞ்சி தின்னவனப் போயி…"

"உன் வைத்தியம்டா" என்றான் ஃபிரடி.

எல்லப்பனின் அம்மா முனியம்மாள் புதன்கிழமை மத்தியானம் அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கருவாட்டுக் குழம்பும் களியும் போட்டாள். "வாய்ச்சண்டைக்குப் போறவன் தெம்பாப் போ நைனா" என்று இரண்டாம் முறையும் வட்டிலை நிறைத்தாள். நைட் ஷிப்டுக்காரன் பகலெல்லாம் தூங்கியும் இருந்தான். சாமியார் வீட்டிலோ, பஞ்சாயத்து தொடங்குமுன் சமையல்காரர் வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் வைத்தார். பயத்தில் ஃபிரடி அதையும் தின்றுவிட்டான்.

சாமியார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் பார்த்தார். ஒரு பக்கம் மரியஜோசப், லூர்தம்மாள், அன்னபுஷ்பம். இன்னொரு பக்கம் ஃபிரடியும் அவனுக்குத் துணையாக எல்லப்பனும்.

"மரியஜோசப்பு, நீரு என்ன பாத்தீரு, சொல்லும்."

மரியஜோசப் சொன்னார். தூண், கண், ஆட்டம், கிராம்பு. கேட்டில் ரிப்போர்ட் கொடுப்பதுபோல வரிசையாகச் சொன்னார்.

"நீ என்னப்பா சொல்லுத?"

"சாமி, வேகமா எழுந்தா தல சுத்துது. அவ்ளோதான். டாக்டர் சீட்டு கீது" என்று ஃபிரடி சட்டைப் பையில் கைவைத்தான்.

"சீட்டு உள்ளயே இருக்கட்டும் தம்பி" என்றார் மரியஜோசப். "எங்க கேட்டுல எத்தினி சீட்டு பாத்திருக்கேன். எங்க கம்பெனியில விழுந்தவன் ஒருத்தன்கூட குடிச்சு விழல சாமி. ஒருத்தன் வெயில்ல விழுந்தான், ஒருத்தன் பசியில விழுந்தான், ஒருத்தன் மாமியா கவலையில விழுந்தான். அல்லார்கிட்டயும் சீட்டு கீது."

"அவரு பக்தியில ஆடினாரு" என்றாள் லூர்தம்மாள்.

"நீ சும்மா இரு. பக்தியில கிராம்பு வாசன வருமா?"

சாமியார் மோவாயைத் தடவினார். "சரி, சண்ட எதுக்கு? இப்பமே பாத்துருவோம். தம்பி, இங்கன முழங்கால் போடு."

ஃபிரடி முழந்தாளிட்டான். கால் மரத்துப் போகட்டும் என்று சாமியார் நின்று நிதானமாகச் செபமாலையில் ஒரு சுற்று சொன்னார். எல்லோரும் பதில் சொன்னார்கள்; வார்த்தை தெரியாத எல்லப்பன் உதட்டை மட்டும் அசைத்தான். முடிந்ததும், "எந்திரி, வேகமா!" என்றார்.

ஃபிரடி துள்ளி எழுந்தான். நின்றான். பனைமரம் மாதிரி நின்றான். ஈசல் இல்லை, இருட்டு இல்லை, இரைச்சல் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக அவன் எதையும் பார்த்ததில்லை. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது வரைக்கும் தெரிந்தது.

"இன்னொரு தடவ சாமி" என்றான்.

இன்னொரு தடவையும் ஒன்றும் வரவில்லை. குந்தி எழுந்தான், சம்மணம் போட்டு எழுந்தான், படுத்தும் எழுந்தான். எல்லப்பன் பக்கத்தில் நின்று, "வா, வா" என்று பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும் கிளீனர் மாதிரி கைகாட்டினான். களியும் கருவாடும் வாழைக்காய் பஜ்ஜியும் உள்ளே உட்கார்ந்துகொண்டு ஃபிரடியைக் கல்தூண்போல நிறுத்தின.

"போதும் சாமி, கல்யாணத்துக்கு முன்னாடியே முட்டி தேஞ்சிடும்" என்றாள் லூர்தம்மாள்.

"பாத்தீங்களா?" மரியஜோசப் தானும் முழந்தாளிட்டு ஸ்பிரிங் மாதிரி எழுந்து காட்டினார். "எனக்கே சுத்தல. இந்த வயசுல இருக்கற புள்ளைக்கு ஏன் சுத்துது? இன்னிக்குக் குடிக்கல, சுத்தல. அன்னிக்குச் சுத்துச்சுன்னா இன்னா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

ஃபிரடி வெறும் கையோடு நின்றான். வேண்டாத நேரத்தில் எல்லாம் கூப்பிடாமல் வந்த சனியன், ஆளை வைத்துக்கொண்டு கூப்பிட்டபோது வரவில்லையே என்று அவனுக்கு அழுகை வந்தது.

அதுவரை வாய் திறக்காத அன்னபுஷ்பம்தான் கேட்டாள். "மத்தியானம் இன்னா சாப்ட்டீங்க?"

"களி. கருவாட்டுக் கொழம்பு."

"நல்லாத் தூங்குனீங்களா?"

"சாயங்காலம் வரிக்கும்."

"நைனா, அன்னிக்கு இவரு பட்டினியா, தூங்காம வந்தாரு. இன்னிக்கு மூக்கு முட்டத் துன்னுட்டு வந்திருக்காரு. ரெண்டும் எப்டி ஒண்ணாவும்? நீங்க அன்னிக்குப் பாத்தத அதே மாதிரி பாக்கணும்னா, அதே மாதிரி வரச் சொல்லுங்க."

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது பேச்சு! ஞாயித்துக்கிழம ராத்திரி வேல முடிச்சு, வெறும் வயித்தோட பூசைக்கு வா. கிராம்பு கிடையாது. மரியஜோசப்பு, நீரு அவன் பக்கத்துல ஒட்டி உக்காரும். தல சுத்தி, வாசனையும் இல்லன்னா ஓல வாசிக்கேன். சுத்தலன்னா…" அவர் ஃபிரடியைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார். "சுத்தலன்னா ஈஸ்டருக்குப் பொறவு பாப்போம். வாசிக்கவா வேண்டாமான்னு மரியஜோசப்பு எனக்கு ஒரு தலையாட்டு ஆட்டும்."

வெளியே செருப்பு மாட்டும்போது அன்னபுஷ்பம் அவன் பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜமாச் சொல்லணும். குடிப்பீங்களா?"

"இல்ல."

"பீரு?"

ஃபிரடி கொஞ்சம் யோசித்தான். "ஒரே ஒரு வாட்டி. எல்லப்பனோட அண்ணன் கல்யாணத்துல. கசந்துச்சு, பாதியில வச்சுட்டேன்."

அன்னபுஷ்பம் சிரிப்பை அடக்கினாள். "கேட்டது நானாப் போச்சு. இத எங்க நைனாகிட்ட சொல்லிக்கினு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மிச்ச வாரம் ஃபிரடி பட்ட பாடு கொஞ்சமல்ல. தலைசுற்றலைப் பழக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லப்பன் சொன்னதால், வாய்ப்புக் கிடைத்த இடத்தில் எல்லாம் வெடுக்கென்று எழுந்து பார்த்தான். டீக்கடை பெஞ்சில் எழுந்தான். பக்கத்தில் இருந்தவர் பஸ் வந்துவிட்டது என்று நினைத்துக் கூடவே எழுந்து ஓடினார். பேக்கிங் செக்‌ஷனில் ஒவ்வொரு முறை அவன் துள்ளி எழும்போதும் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர் நெகிழ்ந்துபோனார். "என்னைப் பாத்து இவ்ளோ மரியாதை எல்லாம் வேணாம்ப்பா, உக்காந்தே வேலை செய்யி" என்று தோளில் தட்டிவிட்டு, மற்றவர்களிடம், "கத்துக்குங்கடா இவன்கிட்ட" என்றார். மற்றவர்கள் ஃபிரடியைப் பார்த்த பார்வையில் கிராம்பு வாசனை ஏதும் இல்லை. மிளகாய் நெடி இருந்தது.

தலைசுற்றல் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை எல்லப்பன் முடிவாகச் சொன்னான். "வரலன்னா இன்னா மச்சி? லேசா ஒரு ஆட்டம் ஆடு. தூணப் புடி, கண்ண மூடு, சாமியாரு பாக்கட்டும். உனக்குத் தெரியாத ஆட்டமா? தெனம் ஆடுற ஆட்டந்தான?"

"கோயில்லயா?"

"பொய்யா ஆடுனா தப்பு. நெஜமா வர்றதத்தான கொஞ்சம் முன்னாடி ஆடிக் காட்டப் போற? அட்வான்ஸ் மாதிரி."

ஃபிரடிக்கு அது சரியென்றும் பட்டது, தப்பென்றும் பட்டது. சங்கு ஊதுமுன் நைட் ஷிப்டுக்குக் கிளம்பினான்.

ஞாயிறு காலை கோயில் நிரம்பியிருந்தது. செய்தி எப்படியோ பரவி, வழக்கமாக வாசலில் நிற்பவர்கள்கூட உள்ளே வந்து இடம் பிடித்திருந்தார்கள். மரியஜோசப் காலை டூட்டிக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையில் வந்து ஃபிரடியின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "ஊது" என்றார் மெல்ல. ஃபிரடி ஊதினான். பட்டினி கிடந்த வாயின் வாசனை மட்டும்தான். அவர் ஒரு தினுசாகத் தலையசைத்துவிட்டு முன்னால் பார்த்தார்.

சுவிசேஷத்துக்கு எழுந்தார்கள். ஃபிரடி வேகமாக எழுந்தான். ஒன்றும் இல்லை. விசுவாசப் பிரமாணத்துக்கு இன்னும் வேகமாக எழுந்தான். கண் ஓரத்தில் ஒரே ஒரு ஈசல் பறந்தது. அவன் ஆசையோடு பார்ப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

நடுப்பூசை மணி அடித்தது. முழந்தாளிட்டான். ஆண்டவரே, உம்மிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை, வேலை கேட்டேன், கொடுத்தீர், இன்றைக்கு ஒரு மயக்கம் கொடும் என்று மனசுக்குள் மன்றாடினான். பெண்கள் பக்கம் கடைக்கண்ணால் பார்த்தான். முக்காடு போட்ட தலைகள் எல்லாம் பலிபீடத்தைப் பார்த்திருக்க, அன்னபுஷ்பம் மட்டும் அவன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழ வேண்டிய நேரம் வந்தது. ஃபிரடி ஒரே வீச்சில் எழுந்தான்.

தரை தரையாக இருந்தது. தூண் தூணாக இருந்தது. பலிபீடத்து மெழுகுவர்த்தி ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தது. இப்போது ஆட வேண்டும். இப்போது ஆடவில்லையென்றால் பெரம்பூர் ரயில்வேக்குப் போய்விடுவாள். அவன் கை தூணை நோக்கி நீண்டது. பாதி வழியில் அப்படியே நின்றது. சுற்றாதபோது சுற்றியது என்று ஆடிவிட்டால், நாளைக்கு நிஜமாகவே சுற்றும்போது அந்தப் பெண்ணிடம் போய் எந்த முகத்தோடு, "நிஜம்தான், நம்பு" என்று சொல்வது? காலம் முழுக்கத் தள்ளாடப் போகிறவன் ஒரு நாளாவது நேராக நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டுக்கொண்டான். பரலோக மந்திரம் முடியும்வரை ஆடாமல் அசையாமல் நின்றான்.

மரியஜோசப் அந்தக் கை போனதையும் பார்த்தார், வந்ததையும் பார்த்தார்.

நன்மை கொடுத்து முடிந்தது. எல்லோரும் அறிவிப்புக் கேட்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சாமியார் அறிவிப்புகளை இழுத்து இழுத்து வாசித்தார். கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர், ஞாயிறு மறைக்கல்வி, காணாமல் போன குடை. ஃபிரடி பக்கத்தில் குனிந்தான்.

"சுத்தல மாமா" என்றான்.

"இன்னாது?"

"இன்னிக்கும் சுத்தல. ஒண்ணும் வரல."

"லேசா ஆடி வச்சிருந்தீன்னா நான் இன்னா பண்ணிருக்க முடியும்?"

"ஆடலாம்னுதான் கையை நீட்டனேன். அப்புறம் வேணாம்னு வுட்டுட்டேன்."

மரியஜோசப் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். கேட்டில் அவர் முன்னால் நின்றவர்கள் எத்தனையோ பேர். குடித்தவன் குடிக்கவில்லை என்றான், கால் தடுக்கினவன் பள்ளம் என்றான். தனக்கு எதிரான சாட்சியைத் தானே வலிய வந்து அவர் காதில் போட்டவன் ஒருவனும் இல்லை. பலிபீடத்தில் சாமியார் காணாமல் போன குடையின் நிறத்தைச் சொல்லி முடித்துவிட்டு, வேறு ஒன்றும் மிச்சமில்லாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலே அவரைப் பார்த்தது.

மரியஜோசப் தலையைப் பெரிதாக, பின்வரிசைக்கும் தெரியும்படி, ஆட்டினார். "வாசிங்க சாமி."

ஃபிரடிக்கு நடந்தது புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும், சந்தோஷத்தில், மரியாதையில், அவன் சம்மணத்திலிருந்து விருட்டென்று எழுந்தான்.

வந்தது. ஈசல் வந்தது, இருட்டு வந்தது, காதில் குழாய் திறந்தது. ஒரு வாரமாக வராதது எல்லாம் ஒன்றாக, கூட்டமாக வந்தது. தூண் அந்தப் பக்கம் இருந்தது. அவன் இந்தப் பக்கம் சாய்ந்தான். வெட்டின வாழைமரம்போல மரியஜோசப்பின் மேலேயே சரிந்தான். அவர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். பிடித்தவருடைய மூக்கு, டூட்டி இல்லாத நாளிலும், பழக்க தோஷத்தில் அவன் வாயருகே போனது.

"ஒண்ணும் இல்ல!" என்று அவர் கத்தினார். அமைதியாக இருந்த கோயிலில் அது மணிக்கூண்டு வரைக்கும் கேட்டது. "சாமி, வாசன ஒண்ணும் இல்ல! நெஜமாவே சுத்துது!"

கோயில் முழுக்கச் சிரித்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாமியார் ஓலையை வாசிக்கத் தொடங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் சிரிப்புக்கு மேலே வந்தது. "நைனா, நிக்க வெக்காதீங்க. படுக்க வெச்சுக் கால ஒசரத் தூக்குங்க."

மரியஜோசப் அவனை ஜமக்காளத்தில் கிடத்தினார். மேல்துண்டைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைக்கப் போனவர், யோசித்து, அதைக் குதிகாலுக்குக் கீழே வைத்தார். ஃபிரடி கண்ணைத் திறந்தபோது மேலே ஓட்டுக் கூரையும், நடுவில் அந்த மூக்கும் தெரிந்தன. அவன் எழப் பார்த்தான்.

"எழுந்திரிக்காதீங்க மாப்ள" என்றார் மரியஜோசப், அவன் மார்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டு. "படுத்துக்கினே கேளுங்க. உங்க பேரத்தான் வாசிக்கறாரு."